அந்த அகரத்தைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் குறுந்தொகையின் 28ஆம் பாடல் வந்திருந்தது. ஔவையார் பாடியது. காதலனைப் பிரிந்து உறக்கமின்றித் தவிக்கும் ஒரு பெண், ஊரெல்லாம் தூங்கும் இரவில் பேசுவது. ஐந்தே அடிகளுள்ள அப்பாட்டில் மூன்றாம் அடி ‘ஆஅ ஒல்லெனக் கூவுவேன்கொல்’ என்றிருக்க வேண்டும். ‘ஆ ஒல்லென’ என்று அச்சாகியிருக்கிறது. ஓர் அகரத்தைக் காணோம்.

பிழை சொல்ல எனக்கு அவ்வளவாக யோக்கியதை இல்லை. மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே அகரத்தைச் சிவப்பு மையால் அடித்தவன்தான் நானும். எழுத்து இரட்டித்து விழுந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். எழுத்துக் கோக்கும் வயதான கம்பாசிட்டர் ஒருவர் புரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். “தம்பி, அவள் கத்துகிறாள். நீங்கள் வாயைப் பொத்திவிட்டீர்களே” என்றார்.

‘ஆ’வை நீட்டும் அந்த ‘அ’வுக்கு அளபெடை என்று பெயர். ஓசை குறையும் இடத்தில் சீரை நிரப்ப வருவது அது என்று எழுதினால் தேர்வில் முழு மதிப்பெண். சரிதான், ‘ஆ’ மட்டும் நின்றால் ஓரசையோடு அடி நொண்டும். ஆனால் இரண்டு மாத்திரை, அதாவது ஒலிக்கும் நேரம், மூன்றாகும்போது அந்தப் பெண்ணின் மூச்சும் அல்லவா நீள்கிறது!

பாட்டின் கீழே ‘உவமை இல்லாததால் அணிநயம் குறைவு’ என்றொரு குறிப்பு வேறு. முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல், கூவுவேன்கொல் என மூன்று ‘கொல்’ வருகின்றனவே, அவை நயமில்லையா? முட்டட்டுமா, தாக்கட்டுமா, கூவட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாட்டு முடியும்வரை ஒன்றையும் செய்யவில்லை. யார் காதில் விழ வேண்டும் என்பதைக்கூடக் கடைசிச் சொல்லில்தான் சொல்கிறாள்: ‘உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே’. தன் துயரை அறியாமல் தூங்கும் ஊருக்கு.

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது ‘ஓர்பெற்றி மேலிட்டு’ என்ற தொடர். ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு என்பது பொருள். வாய்விட்டுக் கத்தவும் ஒரு சாக்குத் தேட வேண்டியிருக்கிறது அவளுக்கு.

என் அக்கா திருமணமாகி ஆறே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். பகலில் சாதாரணமாக இருப்பாள். நடுநிசியில் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பூனையை விரட்டுவாள். தெருக்கோடிவரை கேட்கும் அந்தக் குரல். “சும்மா படு, பூனை போய்விட்டது” என்பார் அப்பா. நாங்கள் புரண்டு படுத்துக்கொள்வோம். அப்போது எங்கள் வீட்டு அடுக்களைக்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. பூனை நுழைய வழியே கிடையாது.

திருத்தம் வெளியிடும்போது பாடலை முழுதாகவே மீண்டும் அச்சிடுங்கள். மூன்றாம் அடியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தபின் அச்சுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழை திருத்துநர் ஒருவர்,
மதுரை.