டிஸ்சார்ஜ் சீட்டோடு இன்னும் ஒரு பக்கம் கொடுங்கள்

போதை மறுவாழ்வு மையங்களை நடத்துவோருக்கும், அவற்றுக்கு உரிமம் வழங்கி ஆய்வு செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மையத்திலிருந்து வீடு திரும்பிய சில நாட்களில் ஊசி போட்டுக்கொண்டு இறந்துபோன இளைஞரைப் பற்றிய செய்தி, ஊர்ப் பெயர் மட்டும் மாறி நாளிதழின் உள்பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. "திருந்தி வந்தவன் மறுபடியும் கெட்டுப்போனான்" என்று அக்கம்பக்கம் பேசி முடித்துவிடும். நீங்களும் அதையே சொல்லலாமா? அவர் கையில் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, மாத்திரைப் பெயர்கள், "மறுபரிசோதனைக்கு வரவும்". இனி வரும் இரண்டு வாரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான காலம் என்று ஒரு வரி அதில் இருக்கிறதா?

நாங்கள் கேட்பது பெரிதல்ல. தமிழில் அச்சடித்த ஒரு பக்கம். குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம். ஹெராயினோ, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகவோ எடுத்தவர் என்றால், கூடவே, ஹெராயின் வகை மருந்து மிகுந்து அடங்கிய மூச்சை மீட்கும் மாற்று மருந்தான நாலாக்சோன் இரண்டு ஆம்பூல்.

மணியோசை கேட்டாலே சோறு வரும் என்று எச்சில் வடித்த, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாயை உங்கள் ஆலோசகர்கள் தேர்வுக்குப் படித்திருப்பார்கள். அதே பாவ்லோவ் மார்பீனைப் பற்றியும் எழுதினார் என்பது ஏனோ வகுப்பறைக்கே வருவதில்லை. தினமும் மார்பீன் ஊசி போடப்பட்ட நாய்கள், சில நாட்களில், ஊசிக்கான ஆயத்தங்களைக் கண்டதுமே எச்சில் வடித்து வாந்தி எடுத்தன. மருந்து இன்னும் உடலுக்குள் போகவே இல்லை.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகலும் உடன் ஆய்வாளர்களும் இதை உயிர் போகும் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்து 1982இல் வெளியிட்டார்கள். எலிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அளவைக் கூட்டிக்கூட்டி, ஒரு மாதம் ஹெராயின் கொடுத்துப் பழக்கினார்கள். கடைசியில் எல்லா எலிகளுக்கும் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஹெராயினையே அறியாத எலிகளில் சுமார் 96 சதவீதம் செத்தன. பழகிய எலிகளில், வழக்கமான இடத்தில் ஊசி பெற்றவற்றில் 32 சதவீதம் செத்தன. வேறு இடத்தில் பெற்றவற்றில் 64 சதவீதம். மருந்தும் அளவும் பழக்கமும் ஒன்றுதான். இடம் மாறியதும் சாவு இரட்டிப்பானது.

காரணம் இது. ஹெராயின், மார்பீன் போன்ற ஓபியாய்டு மூச்சைத் தணிக்கும், வலியை மழுக்கும். ஊசி போடும் இடம், நேரம், கூட்டாளி, சிரிஞ்சு ஆகியவற்றைக் கண்டதுமே, வரப்போவதைச் சமாளிக்க உடல் எதிர்த்திசையில் தயாராகிறது. பழகியவர் கூடுதல் அளவையும் தாங்குகிறாரே, அந்தத் தாங்குதிறனில் ஒரு பங்கு இந்த முன்தயாரிப்பு. நரம்பணுக்கள் மருந்துக்குப் பழகிக்கொண்டது இன்னொரு பங்கு. மையத்தில் மருந்தில்லாமல் இருக்கும் வாரங்களில் இந்த இரண்டாவது பங்கு கரைந்துவிடுகிறது.

வெளியே வந்தவரின் நிலையை இப்போது நினைத்துப் பாருங்கள். பழைய தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உடல் தயாராகத் தொடங்குகிறது. ஆனால் மருந்து வரவில்லை. அந்தத் தயாரிப்பு மட்டும் தனித்து நின்றால் அது கிட்டத்தட்ட வித்ட்ராயல்தான், பழகிய போதை கிடைக்காதபோது உடல் படும் பாடு: மூக்கொழுகல், கொட்டாவி, வியர்வை, வயிற்றுப் பிசைவு, நிலைகொள்ளாமை. வீட்டில் என்ன நடக்கும்? "வந்து ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள மூஞ்சியப் பாரு" என்பார் அப்பா. பையைத் துழாவுவார்கள். அம்மா சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்குவார். அவர் எதையும் எடுத்திருக்க மாட்டார். எடுக்காததால்தான் அந்த முகம். இதைச் சொல்லிக்கொடுக்க அந்த வீட்டுக்கு யாரும் இல்லை, ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை.

சந்தேகம் முற்றியபின் அவர் எடுக்கிறார். இந்த முறை வீட்டு மொட்டைமாடியில் அல்ல, கண்ணில் படாத புது இடத்தில்: ஒரு லாட்ஜ் அறை, பொதுக் கழிப்பறை. தனியாக. கை நினைவு வைத்திருக்கும் பழைய அளவு. நரம்பணுவின் தாங்குதிறன் மையத்திலேயே போயிற்று. சூழல் தரும் முன்தயாரிப்பு புது இடத்தில் முழுதாக எழாது. இரண்டும் சேர்ந்து போன இடத்தில் மூச்சு நிற்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த 30,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் போதை மிகைப்பால், அதாவது உடல் தாங்காத அளவு எடுத்து, இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. மையமும், பூட்டிய கதவுக்குள் தாங்குதிறனை இழக்கவைத்து வெளியே அனுப்பும் இடம்தான்.

"90 நாள் தொடவே இல்லை" என்பது உங்கள் பெருமை. தொடத் தூண்டும் ஒன்றும் இல்லாத கட்டடத்தில் தொடாமல் இருந்தார். அங்கே அடங்கிய பழக்கம் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தோடே நின்றுவிடும். தெரு அதை மறுபடி எழுப்பும். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானோர் சுமார் 5 சதவீதம்தான். காரணங்கள் பல. ஆனால் பழகிய சூழல் கடலுக்கு அப்பால் தங்கிவிட்டது அவற்றில் முக்கியமானது. நம் பையன்களை நாம் நேராக அந்தச் சூழலுக்கே ஆட்டோ ஏற்றி அனுப்புகிறோம்.

ஜூன் 26 வந்தால் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் மனிதச் சங்கிலியாக நிறுத்த ஆள் கிடைக்கிறது. உறுதிமொழிக்குப் பதாகை கிடைக்கிறது. மையச் சுவர் முழுக்கப் பொன்மொழி எழுதப் பெயின்டு கிடைக்கிறது. ஒரு பக்கம் அச்சடிக்க மட்டும் காகிதம் கிடைப்பதில்லை போலும். கசப்பாகப் பேசிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததற்கு வருகிறோம்.

அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: பழைய அளவு இனி உயிரைக் கொல்லும்; புது இடத்தில், தனியாக, சாராயத்தோடோ தூக்க மாத்திரையோடோ சேர்த்து எடுத்தால் இன்னும் கொல்லும். எழுப்பினால் எழாமை, ஊசிமுனை அளவுக் கண்மணி, நீலம் பாய்ந்த உதடு, நின்றுநின்று வரும் குறட்டை ஆகியவை தூக்கம் அல்ல. மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றக் கூடாது, புரையேறும். 108ஐ அழைத்து, தலையைப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் மூச்சு. தொடைத் தசையில் 0.4 மில்லிகிராம் நாலாக்சோன். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் இன்னொன்று. மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கண் திறந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நாலாக்சோனின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தணியும், உள்ளே போனது அதற்கு மேலும் நிற்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் தூண்டுபவற்றை அவரோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பட்டியலிடுங்கள்: சம்பள நாள், மாலை நேரம், எந்த மெடிக்கல் ஷாப், எந்தக் கூட்டாளியின் போன் எண், எந்த வழி. வெளியேறும் முன்பே துணை ஒருவரோடு அரைநாள் வீட்டுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் உடல் என்ன செய்தது என்று கேளுங்கள். தூண்டுபவற்றைக் காட்டிக்காட்டியே ஆசையை அணைத்துவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சிகிச்சைமுறையின் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. என்ன வரும் என்று முன்பே தெரிந்திருப்பது வேறு. ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் சிகிச்சை மருந்தான பியூப்ரெனார்பின் பொருந்துகிறவருக்கு அதைத் தொடங்கி, தொடர்ந்து கிடைக்கும் இடத்தையும் சொல்லி அனுப்புங்கள்; அது சாவைக் குறைக்கிறது.

"மறுபடி எடுத்தால் என்று பேசினாலே எடுக்கச் சொன்னதாகிவிடும்" என்று தயங்குகிறீர்கள். பேசாமலேதான் இத்தனை நாள் அனுப்பினீர்கள், எடுக்காமலா இருந்தார்கள்?

உரிமம் புதுப்பிக்கும்போது கட்டில் எண்ணிக்கையையும் கழிப்பறை எண்ணிக்கையையும் சரிபார்க்கும் அதிகாரிகள், இந்தப் பக்கம் கொடுக்கப்படுகிறதா, குடும்பத்தார் கையெழுத்து இருக்கிறதா, நாலாக்சோன் இருப்பில் உள்ளதா என்ற மூன்றையும் ஆய்வுப் படிவத்தில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த டிஸ்சார்ஜ் நாளை காலையிலேயே இருக்கலாம்.

இப்படிக்கு,
போதை சிகிச்சைப் பணியில் உள்ளோர் சிலர்