சிறிய கோடரி வாங்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

விறகு பிளக்கப் பழகப் போவதாகவும், புதிதாகப் பழகுகிறவனுக்குக் கையடக்கமான கோடரியே ஆபத்தில்லாதது என்பதால் அதையே வாங்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். பழகுவதில் எனக்கு முழுச் சம்மதம். வாங்க நினைத்ததில் இல்லை. உன்னைப் போல் எண்ணுகிறவர்கள் பலர் என்பதால் என் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கோடரியை ஓங்கும்போது அடி எங்கே விழ வேண்டும் என்று பார்ப்பது யாருக்கும் தானாக வந்துவிடும். அது தவறினால் எங்கே போகும் என்று பார்ப்பதைத்தான் முயன்று பழக வேண்டும். 35, 40 சென்டிமீட்டர் காம்புள்ள சிறு கோடரியை நின்றபடி வீசி, அடி கட்டையில் படாமல் தவறினால், அந்த வீச்சு உன் முழங்காலிலோ கணைக்காலிலோதான் வந்து முடியும். காம்பு 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், அதே தவறு பெரும்பாலும் காலுக்கு முன்னால் தரையில் புதைந்து போகும். என் இடது கணைக்காலில் இருக்கும் தழும்பு ஒரு சிறு கோடரி போட்டது. 'இதென்ன, விளையாட்டுச் சாமான்' என்று நினைத்திருந்த நாளில் அது ஒரு கணுவில் பட்டுத் தெறித்து வந்தது. சிறு கோடரியைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், விறகை மேலே வைத்துப் பிளக்கும் அடிக்கட்டைக்கு முன்னால் மண்டியிட்டு வேலை செய். தவறும் அடி தரைக்குப் போகும். சுள்ளியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டாதே. கோடரியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, சுள்ளியின் தலையில் பதித்து, இரண்டையும் சேர்த்தே தூக்கி அடிக்கட்டையில் தட்டினால் போதும், பிளந்துவிடும்.

நெடுங்கோடரிக்கு வருகிறேன். அடிக்கட்டை முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது; பிளக்க வேண்டிய துண்டை அதன் நடுவில் வைக்காமல், உனக்கு எதிர்ப்புற ஓரத்தில் வை, தவறிக் கிட்டே விழும் அடியை அடிக்கட்டையே வாங்கிக்கொள்ளும். கால்களை அகட்டி நின்று, அடி இறங்கும்போது முழங்காலை மடக்கிக் கைகளையும் கீழே கொண்டுவந்தால், கோடரி உன் பக்கம் வளைந்து வராமல் நேராக இறங்கும். ஓங்குவதற்கு முன் கோடரியை நீட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார். தலைக்கு மேலே ஒரு கிளையோ துணிக்கொடியோ இருந்தால் அது காம்பைத் தட்டித் திசை மாற்றிவிடும். ஆள் யாராவது அந்த வட்டத்துக்கு அருகில் வந்தால் வேலையை நிறுத்து.

மழுங்கிய கோடரி பாதுகாப்பானது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கூரான வாய் மரத்தில் பதிந்து நிற்கும். மழுங்கியது, முக்கியமாக வைரம் பாய்ந்த கட்டையில், இறங்காமல் வழுக்கிக்கொண்டு எங்கோ போகும். ஆகவே அடிக்கடி தீட்டு. மோட்டார்ச் சாணையில் பிடிப்பதாக இருந்தால் அவ்வப்போது தண்ணீரில் தோய்த்துக்கொள். வாய் நீலம் பாய்ந்துவிட்டால், அந்த இடத்தில் சூடு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை எட்டி, இரும்பு தன் பதத்தை இழந்துவிட்டது என்று பொருள்.

நான் மிகவும் அஞ்சுவது வாயை அல்ல, காம்பைத்தான். கழன்று பறக்கும் கோடரித் தலை எங்கே போகும் என்று யாராலும் கணிக்க முடியாது. காம்பின் அடிமுனையைப் பார்த்தால் மர இழைகள் கோடு கோடாகத் தெரியும். அவை கோடரியின் வாய் இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்காக ஓடினால் காம்பு எளிதில் முறியும். தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடு என்று பலர் சொல்வார்கள். ஊறிய மரம் உப்பி, இரும்புத் துளைக்குள் நெருங்கி நசுங்கும். காய்ந்தபின் முன்னைவிடச் சுருங்கி மேலும் தளரும். பிடிப்பு வந்துவிட்டது என்று நீ நம்புவது ஓரிரு நாளுக்குத்தான். காம்பின் தலைப்பக்கத்தில் அறைந்திருக்கும் ஆப்பை இறுக்கு, அல்லது புதுக் காம்பு போடு. கோடரியின் பின்புறத்தைச் சுத்தியலாக்காதே, அதன்மேல் சுத்தியலாலும் அடிக்காதே. துளை விரிவதோடு, தெறிக்கும் இரும்புச் சிராய் கண்ணுக்குப் போகும்.

தவறினால் எங்கே போகும் என்பதுதான் மற்ற கருவிகளுக்கும் கேள்வி. உளியானால் மரத்தைப் பிடிகருவியில் இறுக்கிவிட்டு, இரு கைகளும் அதன் வாய்க்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொள். உட்கார்ந்து கத்தியால் சீவும்போது தொடைகளுக்கு நடுவில் வைத்துச் சீவாதே. அங்கே ஓடும் பெரிய தமனி வெட்டுப்பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வெட்டுப்பட்டால், சுத்தமான துணியால் அழுத்திப் பிடி. ரத்தம் நின்றுவிட்டதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்க்காதே. காயத்துக்குள் ஏதாவது குத்தி நின்றால் அதைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போ. விரல் துண்டானால், ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி விரலை நேராகத் தொடக் கூடாது. அழுக்கான காயமாக இருந்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால் மறுபடியும் போட்டுக்கொள்வது வழக்கம். தேதி நினைவில்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடு.

கோடரி வந்ததும் காம்பின் அடிமுனையைப் படம் எடுத்து அனுப்பு. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை ஓங்காதே.

அன்புடன்,
அண்ணன்