நிசேயாவுக்குப் பின் வந்த 56 ஆண்டுகள்: ஞாயிறு பள்ளிப் பாடக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திருச்சபைகளில் ஞாயிறு பள்ளிக்கும் திடப்படுத்தல் வகுப்புக்கும் பாடம் எழுதும் மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு,

வணக்கம். நிசேயா நகரில் ஆயர்களின் சங்கம் கூடி 1700 ஆண்டுகள் ஆனதை 2025இல் உலகெங்கும் திருச்சபைகள் நினைவுகூர்ந்தன. அதையொட்டி உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தைப் பற்றிய பழைய விவாதம் நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப்படுகிறது. அலெக்சாந்திரியாவில் ஆரியஸ் என்னும் மூப்பர், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார், 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டினார், ஆரியஸ் தோற்றார், விசுவாசப் பிரமாணம் பிறந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 381இல் கான்ஸ்டான்டினோப்பிள் சங்கம் கூடும்வரை சென்ற 56 ஆண்டுகளைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த இடைவெளியின் விளைவைச் சபைகளிலேயே காண்கிறோம். கான்ஸ்டன்டைன்தான் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், நம்மிடம் படித்து முடித்த இளைஞருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. பதில் நாம் விட்டுவிட்ட ஆண்டுகளில்தான் இருக்கிறது. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்னும் நிசேயாவின் முடிவைக் காத்து நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸை 335இல் ட்ரியர் நகருக்கு நாடுகடத்தியவர் அதே கான்ஸ்டன்டைன். 337இல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியஸுக்கு ஆதரவாக நின்ற நிக்கொமேதியா ஆயர் யூசேபியஸ். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியஸ் காலத்தில் அரசின் பலம் நிசேயாவுக்கு எதிராகவே திரும்பியது. 359இல் அரிமினத்திலும் செலூக்கியாவிலும் கூடிய ஆயர்கள், நிசேயாவின் சொற்களைத் தவிர்த்த ஓர் அறிக்கையில் கையெழுத்திட நெருக்கப்பட்டார்கள். 328 முதல் 373 வரை ஆயராக இருந்த அத்தனாசியஸ், நான்கு பேரரசர்களின் கீழ் ஐந்து முறை ஊரைவிட்டு விரட்டப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகளை வெளியிலேயே கழித்தார். அரசனின் விருப்பமே உபதேசமானது என்பவர்கள் இந்த வரலாற்றுக்கு விளக்கம் சொல்லட்டும். அதே சமயம், 380இல் பேரரசர் தெயோதோசியஸ் பிறப்பித்த ஆணை நிசேயாவின் விசுவாசத்தைப் பேரரசின் சட்டமாக்கியது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. நமக்குச் சாதகமாக இருந்ததால் அது அரசின் தலையீடு இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்று, ஆரியஸை வெறும் தீயவராகச் சித்திரிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டுகிறேன். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்னும் வசனத்தையும் நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தையும் காட்டியே அவர் தரப்பினர் பேசினார்கள். அத்தனாசியஸும் அதே வசனங்களை எடுத்துத்தான் மறுத்தார். நிசேயாவின் சொற்களுக்குத் தயங்கிய ஆயர்கள் எல்லாரும் ஆரியஸின் சீடர்களும் அல்லர். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டால், இருவரையும் ஒருவராகவே குழப்பிய சபெல்லியஸின் போதனை மறுபடி தலைதூக்கும் என்று அவர்களில் பலர் மெய்யாகவே அஞ்சினார்கள். இந்த அச்சத்தைச் சொல்லாவிட்டால், அரை நூற்றாண்டுச் சண்டை ஏன் நடந்தது என்றே பிள்ளைகளுக்கு விளங்காது.

இந்தக் காலத்தில் எதையாவது ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லித்தர முடியுமானால், 362இல் அலெக்சாந்திரியாவில் கூடிய சிறிய சங்கத்தைச் சொல்லித்தாருங்கள். அதன் பெயரை நம் பாடங்களில் நான் கண்டதேயில்லை. கடவுளில் 'ஹுப்போஸ்தாசிஸ்' (தனித்து இருக்கும் ஒருவர் என்றும் உள்ளியல்பு என்றும் கொள்ளத்தக்க கிரேக்கச் சொல்) மூன்று என்று ஒரு சாராரும் ஒன்று என்று மற்றொரு சாராரும் சொல்லி, ஒருவரையொருவர் மதப்புரட்டர் என்று ஐயுற்றிருந்தார்கள். நாடுகடத்தலிலிருந்து திரும்பியிருந்த அத்தனாசியஸ், கண்டனம் எழுதுவதற்கு முன் இரு சாராரையும் விசாரிக்கச் செய்தார். மூன்று என்றவர்கள் மூன்று தெய்வங்களைச் சொல்லவில்லை, பிதாவும் குமாரனும் ஆவியும் மெய்யாகவே இருக்கிறார்கள் என்றே சொன்னார்கள். ஒன்று என்றவர்கள் அந்த வேறுபாட்டை மறுக்கவில்லை, தெய்வத்தன்மை ஒன்றே என்றுதான் சொன்னார்கள் என்று தெரியவந்தது. பேசில், நாசியான்சஸ் கிரகோரி, நிசா கிரகோரி ஆகிய ஆயர்கள் பின்னர் நிலைநிறுத்திய தெளிவுக்கு இந்த விசாரணை வழிதிறந்தது.

நாம் திருவிருந்து ஆராதனையில் அறிக்கையிடும் பிரமாணம் 325இல் எழுதப்பட்ட வடிவம் அல்ல, 381ஆம் ஆண்டுச் சங்கத்தின் பெயரால் வழங்கும் வடிவம் என்பதும் பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கும். 325ஆம் ஆண்டு வடிவில் பரிசுத்த ஆவியானவரைப் பற்றி, அவரை விசுவாசிக்கிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் ஜீவனைக் கொடுக்கிறவர், பிதாவோடும் குமாரனோடும் தொழப்படுகிறவர் என்னும் பகுதி 381ஐச் சேர்ந்தது. அங்கும் அவரைக் 'கடவுள்' என்று நேரடியாக அழைக்கும் சொல் இல்லை; தொழுகையைச் சொல்வதன் மூலம் அதை உணர்த்தினார்கள். அப்படியிருந்தும், ஆவியானவரின் தெய்வத்தன்மையை ஏற்காத 36 ஆயர்கள் சங்கத்தைவிட்டு வெளியேறினார்கள். ஆவியானவர் பிதாவினிடத்திலிருந்து புறப்படுகிறவர் என்னும் வரியில் வரும் 'குமாரனிடத்திலிருந்தும்' என்னும் சொல் பிற்காலத்தில் மேற்குச் சபை சேர்த்தது.

இவையெல்லாம் பிள்ளைகளுக்குக் கடினம் என்று நீங்கள் கருதலாம். கான்ஸ்டான்டினோப்பிளில் ரொட்டியின் விலையைக் கேட்டால் பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்று பதில் வருகிறது, குளிக்க நீர் தயாரா என்றால் குமாரன் ஒன்றுமில்லாமையிலிருந்து வந்தவர் என்கிறார்கள் என்று நிசா கிரகோரி அலுத்துக்கொண்டார். அந்தக் கடைவீதியிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் கேட்கும். நிசேயாவுக்கு ஒரு வகுப்பு, 362க்கு ஒன்று, 381க்கு ஒன்று என்று ஒதுக்கினால் போதும். ஆரியஸின் எழுத்துகளில் பெரும்பகுதி அவருடைய எதிராளிகள் எடுத்தாண்ட மேற்கோள்கள் வழியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதை ஆசிரியர் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சபை உறுப்பினர்