சபைக்கு வெளியேயும் நல்லவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துவை ஏற்காதவர்கள் செய்யும் நன்மையெல்லாம் வெறும் பெருமைக்காகத்தான் என்று சென்னையில் சில பிரசங்கங்களில் கேட்கிறேன். விசுவாசியாக இருந்தே இதை மறுக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நடக்க முடியாத என் மாமியாரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலிக் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கிப் போனவர்கள் பக்கத்து மசூதியிலிருந்து வந்த பையன்கள். அவருடைய மாத்திரைப் பை நனையாமல் இருக்க ஒருவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டான். என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. இதில் எங்கே பெருமை?

சரி, வேதத்தைப் பார்ப்போம். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவனைக் கண்டும் ஆசாரியனும், ஆலயப் பணி செய்யும் லேவியனும் விலகிப் போகிறார்கள். காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்துவிட்டுப் போவது, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். மத்தேயு 8-இல் யூதரல்லாத ஒரு நூற்றுக்கு அதிபதியின், அதாவது ரோமப் படை அதிகாரியின், விசுவாசத்தைப் பார்த்து இயேசு ஆச்சரியப்படுகிறார். அவரே வாய்விட்டுப் பாராட்டும்போது நமக்கென்ன தயக்கம்? பிற மதங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் தள்ளிவிடுவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-லேயே, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்துவிட்டது.

இரட்சிப்பைப் பற்றிய நம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அது வேறு விஷயம். வரும் கிறிஸ்துமஸுக்காவது போதகர்கள் தங்கள் பகுதியில் நன்மை செய்த பிற மதத்தவரை ஆலயத்துக்கு அழைத்து, பிரசங்க பீடத்திலிருந்தே பெயர் சொல்லி நன்றி கூறட்டும்.

- ஒரு வாசகி, சைதாப்பேட்டை, சென்னை