ஜேன் ஹாக்கிங்கின் ஆய்வையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஸ்டீபன் ஹாக்கிங் பற்றிய கட்டுரையில் கருந்துளைகளை விளக்கிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் அவருடைய முதல் மனைவி ஜேனைப் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வரி: கேம்பிரிட்ஜில் உடன் படித்தவர், கணவருக்காகப் படிப்பை விட்டவர். இரண்டுமே சரியில்லை.

ஜேன் வைல்ட் படித்தது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்ஃபீல்ட் கல்லூரியில், மொழிப் பாடம். இருவரும் அறிமுகமானது 1963 புத்தாண்டு நேரத்தில், செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நடந்த விருந்தில். அவர்கள் வாழ்க்கையைச் சொல்லி 2014-இல் வந்த 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' திரைப்படம் அந்தச் சந்திப்பைக் கேம்பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டது. படத்தைப் பார்த்து எழுதுபவர்கள் எல்லோரும் இதே பிழையைச் செய்கிறார்கள். 1965 ஜூலையில் திருமணம் நடந்தபோது ஜேனுக்குப் பட்டப்படிப்பு இன்னும் முடியவில்லை. வாரநாள்களில் லண்டனில் தங்கிப் படித்துவிட்டு, வார இறுதியில் கேம்பிரிட்ஜுக்கு வந்து போனார்.

படிப்பை அவர் விடவும் இல்லை. இடைக்கால ஸ்பானியக் கவிதை பற்றிய ஆய்வுக்காக 1981 ஏப்ரலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு எதைப் பற்றியது என்பதைத் தமிழ் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதை ரசிக்க நம்மைவிடத் தகுதியானவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள ஐபீரியத் தீபகற்பத்தின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட காதல் பாடல்களில் மூன்று தொகுதிகளை அவர் ஒப்பிட்டார். முஸ்லிம் ஆட்சிக்கால ஸ்பெயினின் கர்ஜாக்கள், வடமேற்கே கலீசியப் போர்த்துகீசிய மொழியில் எழுந்த 'கான்டிகாஸ் டி அமிகோ' எனும் காதலன் பாடல்கள், பின்னால் வந்த காஸ்டீலிய (ஸ்பானிய) மொழியின் வில்லான்சிகோக்கள் எனும் பல்லவிப் பாடல்கள். கான்டிகாக்களை இயற்றியவர்கள் ஆண்கள், பேசுபவள் பெண். அவள் தாயிடமும் தோழியரிடமும் கடலிடமும் பேசுகிறாள். மார்ட்டின் கோடாக்ஸின் பாடலில் விகோ நகரத்துக் கடலலைகளிடம் 'என் காதலனைக் கண்டீர்களா' என்று ஒருத்தி கேட்கிறாள். நெய்தல் திணையில் தலைவி கூற்றைப் படித்தவருக்கு இந்தக் குரல் புதிதாக இருக்காது.

இவற்றில் மிகக் கடினமானவை கர்ஜாக்கள். அரபியிலோ எபிரேயத்திலோ இயற்றப்பட்ட நீண்ட பாடலின் கடைசிச் சில அடிகள் மட்டும் மக்கள் பேசிய மொழியில், இவற்றில் லத்தீனிலிருந்து பிறந்த ரோமானிய மொழியில், வரும், அதையும் அரபி அல்லது எபிரேய எழுத்திலேயே எழுதியிருப்பார்கள். 'என்ன செய்வேன் அம்மா, என் காதலன் வாசலில் நிற்கிறான்' என்பது அவற்றில் ஒன்று. அதில் 'அம்மா' ரோமானியச் சொல், 'காதலன்' அரபிச் சொல். ஆய்வாளர் சாமுவேல் ஸ்டெர்ன் எபிரேயப் பாடல்களிலிருந்து இருபது கர்ஜாக்களைப் படித்து வெளியிட்டது 1948-இல்தான். ஜேன் இறங்கியபோது துறையே இளையது.

படிப்பதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த எழுத்துகளில் குறில் உயிர்களைப் பொதுவாகக் குறிப்பதில்லை. நெடிலைக் காட்டும் இடத்திலும் இ-எ, உ-ஒ வேறுபாடு தெரியாது. அரபியில் 'ப' (p) ஒலிக்கு எழுத்தே கிடையாது. அதன் இடத்தில் பெரும்பாலும் b ஒலிக்கான எழுத்தைப் போட்டார்கள். சொல்லின் நடுவில் வரும் நான்கைந்து அரபி எழுத்துகளுக்கு வடிவம் ஒன்றே, மேலும் கீழும் இடும் புள்ளிதான் வேறுபடுத்தும். ரோமானிய மொழி தெரியாத ஒருவர் படியெடுக்கும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் போதும், சொல்லே வேறாகிவிடும். மெய்க்குப் புள்ளியில்லாமல், எகர ஏகார வேறுபாடில்லாமல் எழுதிய ஓலைச்சுவடிகளோடு போராடிய நம் பதிப்பாசிரியர்களுக்கு இருந்த அதே பாடு. ஒரே கர்ஜாவுக்கு இரண்டு மூன்று வாசிப்புகள் இன்றும் இருக்கின்றன. அப்படியிருக்க, மூன்று தொகுதிகளுக்கும் பொதுவான சொல்லும் கருப்பொருளும் எவை என்று சொல்வதற்கு முன், எந்த வாசிப்பை நம்புவது என்று அடிக்கு அடி முடிவெடுக்க வேண்டும். விட்டு விட்டுச் செய்தால் நூல் அறுந்துபோகும் வேலை இது.

ஜேனின் வீட்டில் இருந்த நிலைமையை, உடலை மெல்ல முடக்கும் நரம்பு நோய் கொண்டிருந்த ஸ்டீபனே எழுதி வைத்திருக்கிறார். 1974 வரை அவரால் தானே உண்ணவும் படுக்கையிலிருந்து எழவும் முடிந்தது. அதுவரை வெளியார் உதவியே இல்லாமல் அவரையும் இரண்டு குழந்தைகளையும் ஜேன் ஒருவரே கவனித்தார். பிறகு ஆய்வு மாணவர் ஒருவர் வீட்டில் தங்கி உதவும் ஏற்பாடு வந்தது. காலையும் மாலையும் ஓரிரு மணி நேரம் செவிலியர் வரத் தொடங்கியது 1980-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் முனைவர் பட்டம். இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆய்வு ஏன் அத்தனை ஆண்டு நீண்டது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கட்டுரை 1985 நிகழ்ச்சியையும் படத்தில் உள்ளபடியே பிரான்ஸில் வைத்திருக்கிறது. ஸ்டீபனுக்கு நிமோனியா கண்டது ஜெனீவாவில். செயற்கைச் சுவாசத்தை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்டபோது ஜேன் மறுத்து, விமானத்தில் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவரச் செய்தார். தொண்டையில் துளையிட்ட அறுவை நடந்தது அங்கேதான். இருபத்து நான்கு மணி நேரச் செவிலியர் செலவுக்கு அறக்கட்டளைகளின் உதவி தேவைப்பட்டது. உலகம் முழுக்க விற்ற அவருடைய 'எ பிரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' என்ற அறிவியல் நூல் 1988-இல் வந்ததை ஜேனின் இந்த முடிவிலிருந்து பிரித்துப் பேச முடியாது.

கடைசியாக, படத்துக்கு மூலம் 1999-இல் வந்த நினைவுக்குறிப்பு என்று கட்டுரை சொல்கிறது. அந்தத் தடித்த நூலைச் சுருக்கியும் திருத்தியும் ஜேன் 2007-இல் வெளியிட்ட 'டிராவலிங் டு இன்ஃபினிட்டி'தான் மூலம். முதல் நூல் 1995-இல் நடந்த மணமுறிவுக்குச் சில ஆண்டுகளில் வந்தது. இரண்டாவது, ஸ்டீபனின் அடுத்த மணவாழ்வும் முறிந்து பழைய குடும்பத்தோடு அவர் நெருங்கிய பிறகு வந்தது. இரண்டிலிருந்தும் கலந்து எடுத்தாளும்போது எந்த வரி எந்த நூலில் உள்ளது என்று குறிப்பிடுவது அவசியம். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதில் முனைவர் ஜேன் ஹாக்கிங் என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்