தங்கச்சிக்கு ஒரு ஃபோன் கோல் எடு

அன்புள்ள தம்பி,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு அப்படியேதான். மழை விடுகிற பாடாய் இல்லை, நேற்றும் காலி வீதியில் வெள்ளம். நீ வட்ஸ்அப்பில் போடுகிற கட்டைவிரலை வைத்து நீயும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். தங்கச்சி ரியூஷனுக்குப் போயிருக்கிறாள். அவளுடைய லப்டொப்பில்தான் இதை அடிக்கிறேன். அவளுக்குச் சொல்லிவிடாதே.

அவள் எடுக்கிற அமெரிக்கக் கல்லூரிப் பாடத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஏ.எல். இப்போதுதான் தொடங்கிய பிள்ளைக்கு முதலாம் வருடக் கல்லூரிப் பாடம் எதற்கு, அதுவும் 'மனிதத் தொடர்பாடல் அறிமுகம்' என்று ஒன்று, கதைக்கப் பழக்குவதற்கும் ஒரு பாடமா என்று நான் முணுமுணுத்தது உனக்குத் தெரியும். நீ ஒன்றும் பேசாமல் டொலரில் ஃபீஸைக் கட்டிவிட்டாய். என் மகன் தங்கச்சியைப் படிப்பிக்கிறான் என்று கோயிலில் காண்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் நீ கட்டியதோடு சரி. என்ன படிக்கிறாய் என்று அவளிடம் ஒருநாளாவது கேட்டாயா?

என்னாலும் கேட்க முடியாது, அது வேறு கதை. புள்ளி விபரம் வேண்டுமென்று கல்லூரிக்கு மெயில் போட்டேன். மாட்டார்களாம். 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். பதினெட்டு வயது ஆகாவிட்டாலும் கல்லூரியில் படிக்கத் தொடங்கிவிட்டால் புள்ளியைப் பார்க்கிற உரிமை தகப்பனிடம் இருந்து பிள்ளைக்குப் போய்விடுமாம், அவள் எழுதித் தந்தால்தான் தகப்பனுக்குக் காட்டுவார்களாம். பதினாறு வயதுப் பிள்ளை! அவளே இரக்கப்பட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். 91. நல்ல புள்ளிதான்.

வகுப்பு வியாழக்கிழமைகளில். நவம்பரில் உங்கள் பக்கம் மணிக்கூட்டைத் திருப்பியதோடு எட்டரை வகுப்பு ஒன்பதரை ஆகிவிட்டது. அந்த நேரம் உனக்குக் காலை பதினொன்று. நானும் பக்கத்தில் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்து கேட்பேன். குளோட் ஷானன் என்று ஒருவர், பெல் தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் இருந்தவர், 1948இல் ஒரு கட்டுரை எழுதினாராம். அனுப்புபவர், வழி, பெறுபவர், நடுவில் இரைச்சல். அதை வைத்துத்தான் இவர்கள் பாடத்தையே தொடங்குகிறார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது தம்பி. எக்ஸ்சேஞ்சில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நான் செய்த வேலை அதுதானே. லைனைக் கொடுப்பது, இரைந்தால் வேறு லைன் பார்ப்பது. ஆட்கள் என்ன கதைக்கிறார்கள் என்பது எங்களுக்கு வேண்டாத விஷயம். ஷானனும் கருத்து என்ன என்பது பொறியியலாளரின் பிரச்சினை இல்லை என்றுதான் சொன்னாராம்.

போன மாதம் அவள் ஒரு பேச்சைப் படம்பிடித்து அனுப்ப வேண்டியிருந்தது. வளர்ந்தவர்கள் சிலர் முன்னால் இருந்து கேட்பதும் படத்தில் தெரிய வேண்டுமாம். நான், அம்மா, மேல் வீட்டு ரீச்சர். நுளம்பு பெருகாமல் மொட்டைமாடித் தாங்கியை மூடி வைக்கச் சொல்லி இங்கிலிஷில் பேசினாள். நடுவில் கடற்கரைப் பக்கம் ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. திரும்பத் தொடங்கினாள், குக்கர் விசிலடித்தது. ரீச்சர் எழும்பிப் போய் அடுப்பை நிப்பாட்டிவிட்டு வந்து, கையைச் சேலையில் துடைத்தபடி, "இப்ப பேசு பிள்ளை" என்றா. கேட்பவரின் மனம் வேறெங்கேயோ இருப்பதும் இரைச்சல்தான் என்று இந்தப் பாடத்தில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அன்று அந்த அறையில் பெரிய இரைச்சல் நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூரத்தில் இருக்கிற ஒருவரோடு அரைமணி நேரம் கதைத்து, எப்படிக் கேட்டோம், எங்கே இடைமறித்தோம் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். அடுத்த வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். அவள் உன்னைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். உனக்கு மெசேஜ் போட்டாளாம், 'பிறகு' என்று பதில் வந்ததாம். எங்களிடம் முறைப்பாடு ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவின் மகளிடம் கேட்கவா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளிர் தொடங்கியிருக்கும். காருக்குள் கன நேரம் இருக்காதே. ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு கராஜுக்குள் இருக்கவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. வெளியே நிற்கிற காரில்கூட, புகைக் குழாயைப் பனி மூடினால் அதே ஆபத்துத்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போதெல்லாம் நீ காருக்குள் இருந்துதான் கதைக்கிறாய். ஓடுகிற காரும் இல்லை. ஓடுகிற கார் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தி வைத்த கார். ஹீட்டர் ஊதுவது கேட்கும், சில நாள் கூரையில் மழை விழுவது கேட்கும். எங்களுக்குக் காலை ஒன்பதரை என்றால் உனக்கு இரவு பதினொன்று. முன்பெல்லாம் நீ கதைக்கும்போது பின்னால் மருமகள் கோப்பை கழுவுகிற சத்தம் வரும், "மாமா, சாப்பிட்டாச்சா?" என்று அங்கேயிருந்தே குரல் கொடுப்பாள். வேலை முடிந்து வருகிற வழியில் எடுக்கிறான் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மெஹ்ராபியன் என்ற உளவியலாளரின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகளில் இருந்து வந்த கணக்கொன்றும் படிப்பித்தார்கள். பேசுகிறவரின் மனதைக் கேட்பவர் அறிவதில் சொல்லுக்கு 7 வீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55. பார்த்தாயா, சொல்லைவிடக் குரல்தான் பெரிது என்று நான் சொன்னது சரி என்றேன். தங்கச்சி விடவில்லை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாதாம் அப்பா, விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது சொல் ஒன்றும் குரல் இன்னொன்றுமாக இருந்தால் மட்டும்தானாம் என்றாள். சரி, அந்த மட்டில் எடுத்துக்கொள்வோம். வீடியோவை நீ போடுவதில்லை, ஆகவே முகம் இல்லை. மிஞ்சுவது குரல். "ஒண்டுமில்லை அப்பா, எல்லாம் ஓகே" என்று நீ சொல்கிற குரலை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வாழ்க்கை முழுக்க ஹெட்ஃபோனோடு இருந்தவனிடம் சொல்கிறாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. 2019இல் நடந்தது மாதிரி கொட்டாஞ்சேனைக்காரர் வழியாக எனக்குத் தெரிய வராமல் இருந்தால் போதும்.

சனிக்கிழமை காலை அங்கே உனக்கு நேரம் இருக்கும். எங்களுக்கு இரவு, அவள் முழிப்பாகத்தான் இருப்பாள். அரைமணி நேரம். வீட்டுக்குள் இருந்து எடு. முடியாவிட்டால் காரில் இருந்தே எடு, ஆனால் எஞ்சினை நிப்பாட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு. அவள் எழுதப் போகிற கட்டுரையை நான் பார்க்க மாட்டேன், கல்லூரியும் காட்டாது.

சித்தி அடுத்த மாதம் ரொறன்ரோ வருகிறா. மிளகாய்த் தூள் இடிப்பித்தாயிற்று. உனக்கு உறைப்பு, மருமகளுக்கு உறைப்புக் குறைத்து, எப்போதும் போல இரண்டு பொதியாகவே கட்டுவதா என்று அம்மா கேட்கிறா. கோல் எடுக்காவிட்டாலும் அதற்குப் பதில் எழுது. பெட்டி கட்ட வேண்டும்.

அப்பா