சேதுவுக்கு, படுத்துப்போன ஒரு ஜோக்கைப் பற்றி

எடிசன், நியூ ஜெர்சி
2025 டிசம்பர் 7

அன்புள்ள சேது,

ஏப்ரலில் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போது பதில். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. ராஜியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிக்காரர் காலி செய்தாரா, இல்லை இன்னும் "ஆவணி போகட்டும் சார்" தானா? இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் கவிதா வேலைக்குப் போகிறாள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. இந்த வாரம் பனி கொட்டும் என்கிறார்கள். நலம் விசாரிப்பு முடிந்தது.

இத்தனை மாதம் எழுதாததற்குச் சோம்பல் காரணம். இன்று உட்கார்ந்து எழுதுவதற்கு அவமானம் காரணம். அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நம்மோடு குடியிருந்த பெரியவரிடம் சொன்னால் இஸ்திரிப்பெட்டிக் கதையோடு சேர்த்து அமெரிக்கா முழுக்க டமாரம் அடித்துவிடுவார்.

வினை அக்டோபரில் ஆரம்பித்தது. கவிதா எப்படியோ இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டாள். சிபிஎஸ் சானலின் இரவுப் பேச்சு நிகழ்ச்சி லேட் ஷோ, முதலில் லெட்டர்மன், அவருக்குப் பின் கோல்பேர் என்று நடத்தியது. இடம் நியூயார்க், எட் சல்லிவன் தியேட்டர். ஜர்னல் ஸ்கொயரில் நாம் நாலு பேர் குடியிருந்த மூன்று வருஷமும் அந்தத் தியேட்டர் ஒரு ரயில் தூரத்தில்தான் இருந்தது. டிக்கெட்டும் இலவசம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே போகாமல் விட்டோம். லெட்டர்மன் நிகழ்ச்சியில் வருவார்களே, அந்த முஜிபுரும் சிராஜுலும் வேலை பார்த்த நினைவுப்பொருள் கடையை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்ததோடு சரி. அன்றைக்கு நீ உள்ளே போய் அவர்களோடு பேசுவேன் என்று அடம்பிடித்து, கடைசியில் கதவு வரை போய்த் திரும்பி வந்தாய், நினைவிருக்கிறதா? அமெரிக்க டிவியில் நம் சாயலில் இருந்த இரண்டு பேரை, டாக்ஸி டிரைவர் வேஷம் கட்டாமல், அவர்கள் பெயரிலேயே நாம் பார்த்தது அவர்களைத்தான். இரண்டு வங்கதேசத்துக்காரர்களைக் கேமராவோடு அமெரிக்கா சுற்ற அனுப்பி வைத்தாரே லெட்டர்மன், அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

உனக்குக் கோபம் வரும். நீ அதே நேரத்தில் எதிர் சானலில் வந்த லெனோவின் கட்சி.

தியேட்டரைச் சொல்கிறேன். டிவியில் பார்த்தால் கடல் மாதிரி இருக்கும் அரங்கம், உள்ளே போனால் நம் ஊர் கல்யாண மண்டபத்தில் பாதிதான். 1964-இல் பீட்டில்ஸ் பாடியது இந்தப் பொந்திலா என்று ஆகிவிட்டது. லெட்டர்மன் காலத்தில் உள்ளே ஐஸ் பெட்டி போல் வைத்திருப்பார்கள் என்று படித்திருக்கிறோம் அல்லவா, குளிரில் ஆள் தூங்க மாட்டான், நன்றாகச் சிரிப்பான் என்று. அதை நம்பி ஸ்வெட்டரோடு போனேன். அப்புறம் இன்னொன்று: இரவு நிகழ்ச்சி என்று பெயரே தவிர, பிடிப்பது சாயங்காலம். நாம் பதினொன்றரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த "இன்றிரவு" எல்லாம் சாயங்காலக் காப்பி நேரத்துச் சரக்கு.

கேமரா ஓடுவதற்கு முன்னால் ஒருவர் வந்து கூட்டத்தைச் சூடேற்றுவார். அதற்கென்றே தனிக் கலைஞர். அவர் வரிசை வரிசையாக ஊர் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு குடும்பம் ஆஸ்திரேலியா என்றது, கைதட்டல். ஒரு பாட்டி அலாஸ்கா என்றாள், பெரிய கைதட்டல். என்னிடம் வந்தார். "எடிசன்" என்றேன். "நிஜமாகவா?" என்றார். "பொய் சொல்வதென்றால் பாரிஸ் என்று சொல்லியிருக்க மாட்டேனா?" என்றேன். சேது, அந்த அரங்கமே சிரித்தது. எட் சல்லிவன் தியேட்டரில்! கவிதா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. கோல்பேர் அன்று என்ன சொன்னார் என்று நீ கேட்டால் சத்தியமாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. போன மாதம் இங்கே ஒரு சங்கத்தில் தீபாவளி விழா. தொகுத்து வழங்க ஆள் இல்லை என்றார்கள். நான் இருக்கிறேன் என்றேன். முந்நூறு பேர். பட்டுப்புடவை, பன்னீர், பின்னால் சாம்பார் வாளி. நான் மேடை ஏறி, ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததை எடுத்து விட்டேன்: "தலைவர் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். போன வருஷமும் சொன்னார். அந்த உரை ஆரம்பித்தபோது என் மகள் கல்லூரியில் சேர்ந்தாள், முடிந்தபோது பட்டம் வாங்கினாள்."

ஈ ஆடவில்லை. யாரோ ஒரு குழந்தை "அம்மா, மூச்சா" என்றது தெளிவாகக் கேட்டது. முதல் வரிசையில் தலைவரின் மனைவி.

அதோடு விட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜோக்கை விளக்கினேன். "அதாவது நாலு வருஷம் பேசினார் என்று அர்த்தம்." அப்புறம் "தமாஷுக்குத்தான் சொன்னேன், ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று ஒரு கும்பிடு வேறு. அன்றிரவு காரில் மாலதி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து தூக்கம் பிடிக்காமல், லெனோவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஜானி கார்சனின் பழைய நிகழ்ச்சிகளைப் போனில் போட்டுக்கொண்டு விடிய விடியப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த ஆட்களிடம் நாம் எதைப் பார்த்துச் சொக்கினோம் என்று. கார்சனை நாம் நேரம் தவறிப் பிறந்ததால் கோட்டை விட்டவர்கள். 1962 அக்டோபரில் உட்கார்ந்தவர், 1992 மே 22-இல்தான் எழுந்தார். முப்பது வருஷம், ஆரம்பத்தில் நின்றுகொண்டு ஜோக்காகச் சொல்லும் மோனோலாக் வாரத்துக்கு எத்தனை, கணக்குப் போட்டுப் பார். அதில் பாதி ஜோக் படுத்துவிடும். படுக்கட்டும் என்றே காத்திருப்பார் போலிருக்கிறது. ஒரு ஜோக் விழுந்ததும் பேச்சை நிறுத்தி, மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பார், வேலை செய்கிறதா என்று. கூட்டம் அதற்குச் சிரிக்கும். இன்னும் மோசமாக விழுந்தால் பின்னால் வாத்தியக்காரர்கள் ஒரு பழைய மெட்டை எடுப்பார்கள், மனிதர் நின்ற இடத்திலேயே காலை மெல்லத் தேய்த்து ஒரு ஆட்டம் போடுவார். ஜோக்குக்குக் கிடைக்காத கைதட்டல் ஆட்டத்துக்குக் கிடைக்கும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. கொஞ்சமும் பதற்றம் இல்லை. பரீட்சையில் பெயிலான பையன் அப்பாவிடம் மார்க் ஷீட்டைக் காட்டிவிட்டு, "சரி, சாப்பிடலாமா?" என்று கேட்கிற முகம்.

லெட்டர்மன் வழி வேறு. விழுந்த ஜோக்கை விடவே மாட்டார். அதன் கடைசி வரியைத் திரும்பச் சொல்வார், வாத்தியக்குழுத் தலைவர் பால் ஷாஃபரைப் பார்த்துச் சொல்வார், விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகும் சொல்வார். நாலாவது தடவை நாம் சிரித்திருப்போம். நீ சிரிக்க மாட்டாய், ஐந்தாவது தடவையில் சிரிப்பாய். எதற்கும் ஒரு சுற்று பின்தங்கித்தானே சிரிப்பாய் நீ.

கோனன் இருக்கிறாரே, அவர் இந்தக் கலையின் உச்சம். 1993-இல் லெட்டர்மன் லேட் ஷோவுக்காகத் தன் பழைய சானலில் விட்டுப்போன நாற்காலியில், திரையில் யாருக்கும் தெரியாத ஒரு எழுத்தாளரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பத்திரிகைகள் கிழித்தன. சானல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காலத்தை நீட்டியது. அந்த மனிதர் 2008 ஜனவரியில், எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது, எழுதிக் கொடுக்க ஆளில்லாமல் நிகழ்ச்சிக்குத் திரும்பினார். தாடி வேறு. மேஜையில் உட்கார்ந்து கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சுண்டி, எத்தனை விநாடி சுழல்கிறது என்று பார்த்தார். அவ்வளவுதான் சரக்கு. தேசிய தொலைக்காட்சியில் ஒரு மோதிரம் சுற்றுகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். அன்றே உனக்கு போன் செய்தேன், அங்கே மத்தியானம். "வேலையில்லாதவன்" என்றாய்.

இதைக் கவிதாவிடம் சொன்னேன். "அப்பா, இதெல்லாம் எட்டு நிமிஷ வீடியோவாக வந்துவிடுகிறது, எதற்கு முழுசாகப் பார்க்க வேண்டும்?" என்றாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கோல்பேரின் மோனோலாக்கைப் பார்த்து முடித்துவிடுகிறாள். நிகழ்ச்சி முடியப்போவதில் அவளுக்கும் வருத்தம்தான். விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும், வருகிற மே மாதத்தோடு லேட் ஷோவையே இழுத்து மூடுகிறார்கள். கோல்பேரின் இடத்துக்கு ஆள் போடப்போவதில்லை, 1993-இல் லெட்டர்மன் தொடங்கிய கடையே கிடையாது. பதினொன்றரை மணிப் போட்டியில் முதலிடம், 24 லட்சம் பேர் போலப் பார்க்கிறார்கள், ஆனாலும் வருஷத்துக்கு 4 கோடி டாலர் நஷ்டம் என்று பத்திரிகைகளில் வந்தது. பணக் கணக்கு மட்டும்தான் என்கிறது சிபிஎஸ். ட்ரம்ப் போட்ட வழக்கில் தாய் நிறுவனமான பாரமவுண்ட் 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்ததை, இது லஞ்சம் என்று கோல்பேர் அதே மேடையில் சொன்னார். சொல்லி மூன்றாம் நாள் மூடுவிழா அறிவிப்பு. எது எதனால் என்று நீயே முடிச்சுப் போட்டுக்கொள், நான் கிரீன் கார்டுக்காரன்.

ஆனால் என் சண்டை சிபிஎஸ்ஸோடு இல்லை, கவிதாவின் எட்டு நிமிஷத்தோடு. அந்த எட்டு நிமிஷத்தில் நன்றாக வந்ததுதான் இருக்கும். மைக்கைத் தட்டிப் பார்க்கிற கார்சன் அதில் வர மாட்டார். யார் ஒரு அசட்டு மோதிரத்தைப் பொறுக்கி எடுத்து வெட்டிப் போடுவார்கள்? நல்ல ஜோக்கை எந்தக் கடையிலும் வாங்கலாம். ஒரு ஆள் நம் கண் முன்னால் வழுக்கி விழுந்து, எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால், முழு ராத்திரியும் உட்கார்ந்தால்தான் உண்டு. கவிதா, "நீங்கள் தீபாவளியில் விழுந்ததற்குச் சமாதானம் தேடுகிறீர்கள்" என்றாள். இருக்கலாம். சனியன், என் புத்தி அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு.

2001 செப்டம்பர் 17 உனக்கு நினைவிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரட்டைக் கோபுரப் புகை இன்னும் அடங்கவில்லை. பெரியவர் ஆறு நாளாக அலுவலகம் போகாமல், அந்தப் பச்சைப் போர்வைக்குள்ளேயே கிடந்தார். திங்கட்கிழமை. நம் ரிமோட் ஒப்பந்தப்படி அது உன் நாள், லெனோ பத்திரிகைத் தமாஷ்களைக் காட்டும் ஹெட்லைன்ஸ் நாள். ரிமோட் உன் கையில்தான் இருந்தது. நீயே லெட்டர்மனைப் போட்டாய். அவர் நின்று மோனோலாக் பேசவில்லை. மேஜையில் உட்கார்ந்து, தொண்டை அடைக்க, தீயணைப்பு வீரர்களைப் பற்றியும் போலீஸ்காரர்களைப் பற்றியும் பேசினார். மொன்டானாவில் சோட்டோ என்று ஒரு சின்ன ஊர், மழை பெய்யாமல் காய்ந்து கிடக்கிற ஊர், அங்கே ஜனங்கள் கூடி நியூயார்க்குக்காகப் பணம் திரட்டினார்கள் என்று சொன்னார். சொல்லி முடித்து, எப்படி மேலே போவது என்று தெரியாமல் விழித்தார். பெரியவர் எழுந்துபோய் நாலு டம்ளர் டீ போட்டு எடுத்து வந்தார். அவர் அந்த வீட்டில் அடுப்பு பற்றவைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நீ அடுத்த வருஷம் ஊருக்குப் போனாய். நான் அதைப் பற்றி உன்னிடம் பேசியதே இல்லை. இப்போதும் பேசப்போவதில்லை.

போன ஞாயிறு வரிக் காகிதம் தேடியபோது ஒரு பழைய ஃபைலில் உன் கையெழுத்து கிடைத்தது. நம் பிரிஜ் மேல் ஒட்டியிருந்ததே, "பெரியவர் பாத்திரம் கழுவாததற்கு முதல் பத்துக் காரணங்கள்". லெட்டர்மனை அப்படித் திட்டுவாய், பட்டியல் மட்டும் அவர் பாணியில் பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி வருகிறது. மூன்று வரி எண்ணெயில் அழிந்துவிட்டது. "7. கழுவினால் அதில் மறுபடி சமைப்பார்கள்." "4. அது நேற்றையப் பாத்திரம்." "1. அவர் பெரியவர்." நான் நின்ற இடத்திலேயே சிரித்ததில், மாலதி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

கார்சன் ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு ஜோக் தோன்றுவது நிற்கவில்லையாம். பேப்பர் படிப்பார், ஏதாவது தோன்றும், சொல்ல மேடை இல்லை. எழுதி லெட்டர்மனுக்கு அனுப்பிவிடுவார். லெட்டர்மன் சிலவற்றைத் தன் மோனோலாக்கில் செருகிக்கொள்வார், யாருக்கும் தெரியாது. 2005 ஜனவரியில் கார்சன் செத்துப்போனார். அதன் பிறகு வந்த முதல் நிகழ்ச்சியில் லெட்டர்மன் வழக்கம் போல மோனோலாக் சொன்னார், கூட்டம் வழக்கம் போலச் சிரித்தது. அப்புறம்தான் சொன்னார், இன்று சொன்னது எல்லாமே ஜானி எழுதி அனுப்பியவை என்று.

அதனால், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கும்பகோணத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் சேதுராமன் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜனவரி 17 பொங்கல் விழாவுக்கும் என்னையே தொகுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை, மற்றபடி மன்னிப்பெல்லாம் ஒன்றுமில்லை. தலைவர் அதே தலைவர், முதல் வரிசை அதே முதல் வரிசை. பத்து வரி எழுதி அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், பிரிஜில் ஒட்டுகிற மாதிரி காகிதத்தில். இஸ்திரிப்பெட்டி மட்டும் வரக் கூடாது, பெரியவர் டாலஸிலிருந்து விழாவுக்கு வருகிறார்.

ராஜியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
முரளி